குவாரியில் சத்தம் ஒன்றுமில்லை

கிருபாநேரி,
சேரன்மகாதேவி வழி.
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள மருமகன் ஜோஷுவாவுக்கு,

மாமா எலியேசர் எழுதுவது. கர்த்தர் காத்துவருகிறபடியால் நானும் உன் அம்மா சாரம்மாளும் சுகம். தங்கச்சிக்குக் குளிர் விட்டதும் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உறங்கி நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசலாமே என்று கேட்டிருக்கிறாய். இந்தக் காலத்தில் போனில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை, வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறார்கள். எனக்கு எழுத்துதான் சரி. போன வருஷம் பாளையங்கோட்டை டாக்டரிடம் கூட்டிப்போய் நீ வாங்கித் தந்த காது மெஷின் பீரோவில் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. காலமெல்லாம் ரைஸ் மில் நடத்தியவனுக்குச் சத்தத்தைப் பற்றி அந்தச் சின்னப் பையன் டாக்டர் சொல்லித் தரவேண்டியதில்லை. மெஷின் விஷயத்தை ஊரில் யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்றாய். அதைக் காப்பாற்று.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி ராக்கெட்டை ஏவுவதற்கு முன்னால் அதன் இஞ்சினைத் தரையில் கட்டிப்போட்டு எரித்துப் பார்க்க வேண்டும், நம் பழைய குவாரிக்குழி அதற்குத் தோது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குவாரியை மூட வைத்தவன் நான். வெடி வைத்து வைத்து வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விட்டபோது ஊர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. எட்டாம் வகுப்போடு நின்றவன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் மனு எழுதினேன். கலெக்டர் ஆபீஸ் படி தேய்ந்ததில் பாதி என் செருப்பால் தேய்ந்தது. இப்போது அதே குழியில் நீ நெருப்பு மூட்ட நான் சரி சொல்ல வேண்டும்.

நேற்று நூகுவின் டீக்கடையில் பஞ்சாயத்துத் தலைவர் திருஞானசம்பந்தம், "அண்ணாச்சி, உங்க மருமவன் கேக்கான். நீங்க என்ன சொல்லுதியளோ அதுதான் ஊர் சொல்லும்" என்று என் முகத்துக்கு நேரே வந்து சொன்னார். ஊரின் பொறுப்பு என் தலைமேல் இருக்கிறது. நீ தங்கச்சி மகன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். நேரில் வந்து பார்த்து, கேட்டு, அப்புறம்தான் சொல்வேன்.

நான் சரி சொல்வதாக இருந்தாலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு எரிப்புக்கும் முன்னால் நம் சபைக் கோயில் மணியை அடிக்க வேண்டும். மணியடிக்கிற ஜெனோ வந்து என்னிடமும் நேரில் சொல்ல வேண்டும். தண்ணீர் இறைக்கிறவள், பனையில் நிற்கிறவன், பிள்ளையை உறங்கப் போடுகிறவள், எல்லோரும் சுதாரித்துக்கொள்ள வேண்டாமா? நானும் உன் அம்மாவும் இருக்கிற வீடுதான் குவாரிக்குப் பக்கத்து வீடு என்பதை உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
மாமா எலியேசர்


சென்னை
பிப்ரவரி 27, 2025

என் பிரியமான மாமாவுக்கு,

ஜோஷுவாவின் வணக்கமும் முத்தங்களும். நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமென்று அறிந்து சந்தோஷம். அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் போடாமல் இருக்க விடாதீர்கள்.

உங்கள் நிபந்தனையை அப்படியே ஏற்றுக்கொண்டோம். மணி அடிக்காமல் இஞ்சின் எரியாது. முதல் சோதனை மார்ச் 22, சனிக்கிழமை காலை. நானே வந்து உங்களைக் கூட்டிப்போகிறேன். வேலிக்கு உள்ளே என் பக்கத்தில் நின்று பாருங்கள். அதன்பிறகு ஊரில் நீங்கள் என்ன சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம். வேண்டாம் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவோம்.

ஒன்று மட்டும், மாமா. வரும்போது காது மெஷினைப் போட்டு வர வேண்டாம். அது நுட்பமான பொருள், சோதனை நடக்கும் இடத்தில் பழுதாகிவிடும். எப்படியும் நீங்கள் போடுவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மாமா, எட்டு வருஷமாக இந்த ஒரு இஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பிடிவாதம் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்றும் உங்கள் பிள்ளை,
ஜோஷுவா


கிருபாநேரி
மார்ச் 24, 2025

அன்புள்ள மருமகன் ஜோஷுவாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ நல்லபடியாகச் சென்னை போய்ச் சேர்ந்திருப்பாய். அவசரமாகக் கிளம்பியதால் உன் அம்மா சுட்ட முறுக்கு மேஜையிலேயே கிடக்கிறது.

சனிக்கிழமை பார்த்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மண்ணெண்ணெயும், ஆவி பறக்கிற குளிர்ந்த ஆக்சிஜனும் சேர்ந்து அப்படி ஒரு நெருப்பா! வெள்ளை வெளேரென்று கம்பி மாதிரி வந்து, குவாரிச் சுவரில் மோதி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேலே போயிற்று. காலடியில் தரை லேசாகச் சிலிர்த்தது. சத்தம் என்று பார்த்தால் ஸ்டவ் பற்றவைத்தது போல ஒரு சீறல், அவ்வளவுதான். இதற்கா பயந்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. உன் இஞ்சினியர் பெண் ப்ரீதா என் காதில் மாட்ட ஒரு காதுமூடியை நீட்டினாள். நீ அவளிடம் ஏதோ சொன்னாய். அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொன்னாய் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் நெருப்பு வந்துவிட்டது.

நேற்று ஆராதனையில் அறிவிப்புகள் வாசித்து முடிந்ததும் போதகர் ஐயர் என்னைப் பேசச் சொன்னார். எழுந்து, "ஸ்டவ் சத்தம்தான். பயப்பட ஒண்ணுமில்லை. நான் சொல்லுதேன்" என்றேன். கோயில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஜெனோவின் மனைவி ஜெசி எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜெனோ அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். ஆராதனை நடுவே பெண்பிள்ளை பேசக் கூடாது என்று நினைத்தான் போல.

பிறகு டீக்கடையில் நூகு என் பக்கம் குனிந்து, "அண்ணாச்சி, ஸ்டவ்வா?" என்றான்.

"ஸ்டவ்தாம்லே."

"சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா ஸ்டவ்தான்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து நாளாயிற்று.

மே தினக் கிராமசபையில் தீர்மானம் போடுவார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

உன் வேலை சிறக்க ஜெபிக்கும்,
மாமா எலியேசர்


சென்னை
மே 12, 2025

பிரியமான மாமாவுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல்.

தீர்மானத்தின் நகல் வந்து சேர்ந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எங்கள் ஆபீசில் எல்லோரும் கைதட்டினார்கள். கூடிய சீக்கிரம் குவாரிக்குத் தார் ரோடு போடுகிறோம், அது ஊருக்கும் உதவும். ஊர்ப் பையன்கள் சிலரைக் காவல் வேலைக்கு எடுத்திருக்கிறோம்.

இனி வேலை தொடர்ந்து நடக்கும். சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம்.

அன்புடன்,
ஜோஷுவா


கிருபாநேரி
ஜூன் 22, 2025

அன்புள்ள மருமகனுக்கு,

நான் சுகம். உன் அம்மாவுக்கு ஒரு மாதமாகச் சீதளம். இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு நடக்கிறாள். வெயிலில் என்ன சீதளம் என்று கேட்டால் சிரிக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? ரோடு போட வந்தாய் என்றார்கள். வீட்டுக்கு வரவில்லை.

ஏன் இன்னும் நீங்கள் சோதனையைத் தொடங்கவில்லை? ஜெனோ ஒருநாள்கூட வந்து சொல்லவில்லை. இயந்திரத்தில் ஏதும் கோளாறா? எதுவானாலும் என்னிடம் மறைக்காதே. ஊரில் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. போன செவ்வாய்க்கிழமை டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எல்லோரும் ஒன்றுபோலக் குவாரிப் பக்கம் திரும்பினார்கள். எதிர்வீட்டு நாய் வாலை இடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்தது. என் டம்ளரில் டீ வட்டம் வட்டமாக நடுங்கிற்று.

"என்னலே?" என்றேன்.

நூகு என் காதருகே வந்து, "மயிலு அண்ணாச்சி. மயிலு கத்துது" என்றான்.

மயிலுக்கா டீ நடுங்கும்? லாரி எதுவும் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் எழுது.

மாமா எலியேசர்


கிருபாநேரி
ஜூலை 19, 2025

என் செல்ல மகன் ஜோஷுவாவுக்கு,

அம்மா சாரம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. நீ சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஆண்டவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த எழுத்து ஜெசியின் எழுத்து, பயந்துவிடாதே. கிணற்றடியில் பாசி வழுக்கி விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. டாக்டர் சீக்கிரம் சேர்ந்துவிடும் என்றார். வலி இல்லை. நீ வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். உன் ராக்கெட் நல்லபடியாக மேலே போகட்டும். மாமாவுக்கு நீ தனியாக எதுவும் எழுத வேண்டாம், அவர் கோபக்காரர். முறுக்கு சுட்டு அனுப்பக் கை இல்லை, அதுதான் வருத்தம்.

அம்மா

ஜோஷுவா அண்ணனுக்கு, ஜெசி எழுதுவது. மேலே உள்ளதைப் பெரியம்மா சொல்ல எழுதினேன். இனி எழுதுவது அவர்கள் சொல்லாதது. கிணற்றடியில் பாசி இல்லை. குடத்தைத் தலைக்குத் தூக்கும்போது உங்கள் இஞ்சின் எரிந்தது. அன்றைக்கு மணி அடிக்கவில்லை. எந்த நாளும் அடிப்பதில்லை. மணி அடித்தால் ஜனம் வெளியே வந்து நின்று பார்க்கும், பேச்சு வளரும், வேண்டாம் என்று உங்கள் ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்களாம். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

பெரியம்மா குடத்தோடு விழுந்து, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் உங்கள் மாமா பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேலை முடிந்து நான் வந்துதான் தூக்கினேன். நான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் அவர் பேப்பரை மடித்தார்.


கிருபாநேரி
ஆகஸ்டு 17, 2025

ஜோஷுவாவுக்கு,

சுகம் விசாரிக்கிற வழக்கத்தை விடக் கூடாது என்பதற்காக விசாரிக்கிறேன். உன் அம்மாவுக்குக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

என் ஜூன் மாதக் கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. இனி வர வேண்டாம். பதில் எனக்கே கிடைத்துவிட்டது.

வழுக்கி விழுந்தாள் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். பாசியைச் சுரண்டிப்போடலாம் என்று மண்வெட்டியோடு கிணற்றடிக்குப் போனேன். ஆடிக்காற்றில் தரை சுட்ட செங்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. நேரே கோயிலுக்குப் போய் ஜெனோவின் சட்டையைப் பிடித்தேன்.

"லே, அன்னைக்கு மணி அடிச்சியா?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு என் காதில் வாயை வைத்து, "அடிக்கக் கூடாதுன்னுட்டாவ தாத்தா. வாரத்துக்கு ரெண்டு மூணு மட்டம் எரிக்காவ. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு பேச்சு" என்றான்.

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை! நான் இந்த ஊரில்தான் இருந்தேன். தரை அதிர்ந்தபோதெல்லாம் ரோடு போடுகிற லாரி என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து மெஷினை எடுத்தேன். உள்ளே இருந்த காகிதத்தைப் படித்து நானே மாட்டிக்கொண்டேன். முதலில் கேட்டது என் சட்டை காலர் உரசுகிற சத்தம். பிறகு மின்விசிறி, செருப்பு, பக்கத்து வீட்டுக் கோழி. உன் அம்மா அடுப்படியில் தனக்குத்தானே பேசுகிறாள். "ஒத்தக் கையால மாவு பிசைஞ்சாப்லதான்" என்று சொல்லி அவளே சிரிக்கிறாள். அவள் இப்படிப் பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது.

அவளோடு கிணற்றடியில் போய் உட்கார்ந்தேன். தினமும் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை காலை குவாரியில் வேலையாட்களுக்கான எச்சரிக்கைச் சங்கு ஊதியது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். "அண்ணே, கழத்திருங்க, கழத்திருங்க" என்றாள். நான் கழற்றவில்லை.

அதைச் சத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மில்லில் எல்லா பெல்ட்டும் ஒரே நேரத்தில் அறுந்து ஓடினாலும் அப்படிக் கேட்காது. பாபநாசம் அணையின் எல்லா மதகையும் திறந்துவிட்டு அதன் வாயில் தலையைக் கொடுத்தது போல இருந்தது. நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கியது. கிணற்று மேடையில் இருந்த வாளி தானாக நகர்ந்தது. நீ எனக்குக் காட்டியது அடக்கி எரித்ததாகத்தான் இருக்கும், ஒரு ஜெபம் சொல்கிற நேரம்கூட இல்லை. இது ஒரு கீர்த்தனையைப் பாடி முடிக்கிற நேரம் எரிந்தது. உன் அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஒரு காதை மட்டும் பொத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பொத்துவதற்கு ஒரு கைதானே இருக்கிறது? மற்றக் காதை நான் பொத்தினேன்.

மெஷின் வேண்டாம் என்று நீ பிப்ரவரியில் எழுதியதை எடுத்து வாசித்தேன். நுட்பமான பொருள், பழுதாகிவிடும். அந்தப் பெண் ப்ரீதா எனக்குக் காதுமூடி நீட்டியபோது நீ அவளிடம் என்ன சொன்னாய் என்பதும் இப்போது விளங்குகிறது. "இவருக்கு வேண்டாம், இவருக்குக் கேட்காது" என்று சொன்னாய். இல்லையென்றால் எழுது.

நான் மெஷினைப் போடாமல் இருந்தது என் காரியம். அதை வைத்து நீ செய்தது உன் காரியம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதே.

எலியேசர்


சென்னை
ஆகஸ்டு 30, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். அம்மாவின் கைக்கு நல்ல டாக்டரை இங்கே பார்த்துவைத்திருக்கிறேன். அம்மாவை இங்கேயே கூட்டிவந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மாமா, நீங்கள் எழுதியதைப் பலமுறை வாசித்தேன். மெஷின் பழுதாகும் என்று நான் எழுதியது பொய் இல்லை. அதை நீங்கள் என்றைக்குமே போட்டதில்லை, அதுவும் பொய் இல்லை. மணி விஷயத்தில் ஆபீசில் எடுத்த முடிவை நான் தடுத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் முழு நேர எரிப்பு. ராக்கெட் மேலே போகும்போது எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அவ்வளவு நேரமும் இங்கே எரிந்து காட்ட வேண்டும். அது தேறினால்தான் ஏவுவதற்கு அனுமதி. அதுவரை ஊரில் எதுவும் பேச வேண்டாம் என்று உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இப்போது ஒரு ஆட்சேபணை வந்தால் எட்டு வருஷமும் மண்ணாகப் போகும். என்னை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ப்ரீதாவிடம் என்ன சொன்னேன் என்பதை நேரில் சொல்கிறேன்.

உங்கள்,
ஜோஷுவா


கிருபாநேரி
செப்டம்பர் 15, 2025

ஜோஷுவாவுக்கு,

நானும் சாரம்மாளும் இருக்கிறோம். அவளுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை. ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறாள்.

நேரில் சொல்கிறேன் என்று நீ எழுதியதே எனக்குப் போதும்.

நேற்று ஆராதனையில் அறிவிப்பு முடிந்ததும், யாரும் கூப்பிடாமலே எழுந்தேன். மெஷின் காதில் இருந்தது, எல்லோருக்கும் தெரியும்படி அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். "மார்ச் மாசம் நான் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கிடுதேன். எனக்குக் காது கேக்காது. கேக்காதவன் சொன்ன சொல் செல்லாது" என்றேன். இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாததை, தலையை வெட்டினாலும் சொல்ல மாட்டேன் என்று வைத்திருந்ததை, ஐயர் முன்னால் சொன்னேன். கோயில் இடிந்து விழும் என்று நினைத்தேன்.

ஒரு தலைகூட உயரவில்லை.

மெஷின் இருந்ததால் பின்வரிசையில் பேசுவது கேட்டது. ஒரு பெண், "இது நமக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். ஒரு ஆண் குரல், "பாட்டாவுக்கு இன்னைக்குத்தாம்வே தெரிஞ்சிருக்கு" என்றது. அதற்குச் சிலர் சிரித்தார்கள். கோயிலுக்குள் எனக்குப் பின்னால் இப்படிச் சிரிப்பார்கள் என்பதும் எனக்குப் புதிது.

வெளியே வந்து டீக்கடையில் திருஞானசம்பந்தத்தைப் பிடித்தேன். "தெரிஞ்சேவா வே என் சொல்லை ஏத்துக்கிட்டீரு?"

"அண்ணாச்சி, கோவப்படாதிய. ரோடு வந்துட்டு. நாலு பயலுக்கு வேலை வந்துட்டு. ஊருக்கு அது வேணும். நீங்க வேண்டாம்னு நின்னா, உங்ககூட மல்லுக்கு நிக்க இந்த ஊர்ல ஆள் உண்டா? நல்ல காலத்துக்கு நீங்களே ஸ்டவ்வுன்னுட்டிய."

"சத்தம் உமக்குக் கேக்கலியா?"

"கேக்காம? என் பேரப்பிள்ளை உறக்கத்துல அலறுதான். சகிச்சுக்கிடுதோம்."

நூகு என் முன்னால் டீயை வைத்துவிட்டு, "மயிலுன்னு சொன்னதுக்கு மாப்பு அண்ணாச்சி" என்றான். அவன் ஒருவன்தான் மன்னிப்புக் கேட்டான்.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவிடம், "நீயுமா சாரா?" என்றேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "சின்ன வயசுலேர்ந்து உங்க வாயில சரிங்கிற வார்த்தை எப்ப வந்திருக்கு அண்ணே? அதிசயமா ஒரு மட்டம் வந்துச்சு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை. என் பிள்ளை பிழைக்கணும்லா" என்றாள்.

கிணற்றடியில் கிடந்து என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். கேட்காது என்று தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறாள். அதை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

காந்தி ஜெயந்திக் கிராமசபையில் என் ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்கிறேன்.

எலியேசர்


சென்னை
அக்டோபர் 20, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் அம்மாவின் நலத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

முழு நேர எரிப்பு தேறிவிட்டது. அடுத்த வருஷம் குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் தயாரானதும் நம் ராக்கெட் போகும். கிராமசபையில் நடந்ததைத் தலைவர் சொன்னார். உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்று தெரியும்.

பறக்கப்போகிற ஒவ்வொரு இஞ்சினையும் ஏவுவதற்கு முன்னால் எரித்துப் பார்த்தாக வேண்டும், அதனால் குவாரி வேலை இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். இப்போது நீங்களே மணி அடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இந்த வயதில் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டாம் மாமா. ஜனம் கூடிவிடுவதால் எங்கள் ஆட்களுக்கும் சிரமம்.

மெஷினுக்கு பேட்டரி வாங்கி அனுப்பியிருக்கிறேன். ஏவும் நாளன்று வண்டி அனுப்புகிறேன். அம்மாவும் நீங்களும் முன்வரிசையில் உட்கார வேண்டும். வரமுடியாவிட்டால் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். பயப்பட வேண்டாம், அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வராது.

உங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
ஜோஷுவா


கிருபாநேரி
நவம்பர் 3, 2025

சாரம்மாள் மகன் ஜோஷுவாவுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. உன் அம்மா சுகம். நானும் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும், அதற்கு மேல் உன்னைப் பற்றி ஆண்டவரிடம் நான் எதுவும் கேட்பதில்லை.

கிராமசபையில் என் காகிதத்தை வாசித்தார்கள். ஆட்சேபணைக்கு ஒரு கை உயர்ந்தது. அது என் கை. இல்லை, ஜெசியும் தூக்கினாள், இந்தமுறை ஜெனோ இழுத்து உட்காரவைக்கவில்லை. மற்றவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மே மாதம் என் சரியை மேளம் கொட்டி வாங்கினார்கள். அக்டோபரில் என் வேண்டாம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எலியேசர் சொன்னால் ஊர் கேட்கும் என்று வாழ்நாளெல்லாம் நினைத்திருந்தேன்.

மணியை நான்தான் அடிக்கிறேன். குவாரியில் உங்கள் சங்கு ஊதுவது இப்போது எனக்குக் கேட்கிறது. கேட்டதும் கோயிலுக்கு நடக்கிறேன். அடிக்கக் கூடாது என்று கோயில் கமிட்டியில் வாயால் சொன்னார்கள். எழுதித் தாருங்கள் என்றேன். மே மாதத் தீர்மானத்தில், மணி அடிக்காமல் எரிக்கக் கூடாது என்று நீங்கள் ஒப்புக்கொண்ட வரி என் கையெழுத்துக்கு மேலேயே இருக்கிறது. எழுதித் தர ஒருவருக்கும் கை வரவில்லை. ஆகவே அடிக்கிறேன்.

ஜனம் வெளியே வந்து நிற்கிறது. நிற்கட்டும். இனி ஒருவரும் மயில் என்று சொல்ல முடியாது. மணிச்சத்தம் கேட்டதும் உன் அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள். வலது கை இப்போது காதுவரை எட்டுகிறது. எனக்கு அது போதும்.

மெஷினைக் கழற்றிவைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று அவள் தினமும் சொல்கிறாள். நூகு சொல்கிறான். ஐயரும் சொன்னார். உங்கள் எல்லோருக்கும் நான் கேட்காதவனாக இருந்தால் வசதி. கழற்ற மாட்டேன்.

நீ அனுப்பிய பேட்டரியை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டவுணுக்குப் போய் நானே வாங்கிக்கொண்டேன். முன்வரிசைக்கு உன் அம்மா ஆசைப்பட்டால் வருவாள், தடுக்க மாட்டேன். பெற்றவள் பார்க்க வேண்டியதுதான். எனக்கு வண்டி அனுப்பாதே.

நீ ராக்கெட் ஏவுகிற அன்று நான் மொட்டைமாடியில் நிற்பேன். அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வராது என்று எழுதியிருக்கிறாய். வருமா வராதா என்று நானே கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

எலியேசர்